எப்போதும் ஒன்று குறைவு

தைப்பே,
மார்ச் 4, 1997

அன்புள்ள ஹான்-வென்,

நீ அனுப்பிய சீத்தாப்பழப் பெட்டி வந்து சேர்ந்தது. வழியிலேயே கனிந்துவிட்டதால் பிரித்ததும் அலுவலகம் முழுக்க ஒரே மணம். டாக்டர் ஷேன் நின்றபடியே இரண்டைத் தின்றுவிட்டு, "தைதுங்லேர்ந்து பழம் மட்டும் ஒழுங்கா வருது" என்றார். அந்த "மட்டும்" என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நம் ஆய்வில் ஐந்து ஊர் மருத்துவமனைகள் சேர்ந்திருக்கின்றன. பார்க்கின்சன் நோயாளிகள் வழக்கமான பழைய மாத்திரையோடு புதிய மாத்திரையையும் சாப்பிடுகிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு மருத்துவர் அவர்களைப் பரிசோதித்து அளவுகோல்படி மதிப்பெண் போடுகிறார். பூஜ்யம் என்றால் குறையில்லை, நான்கு என்றால் அந்தக் காரியத்தைச் செய்யவே முடியவில்லை. பரிசோதனையை வீடியோவில் எடுத்து இங்கே அனுப்புகிறீர்கள். உங்கள் மதிப்பெண்ணைப் பார்க்காமல் நாங்கள் மூன்று பேர் தனித்தனியாக மதிப்பெண் போடுகிறோம். எல்லார் எண்ணும் ஏறக்குறைய ஒத்துப்போனால்தான் இந்த ஆய்வுக்கு அர்த்தம்.

மற்ற நான்கு ஊர்களும் ஒத்துப்போகின்றன. உன் எண்கள் ஒத்துப்போகவில்லை. நாங்கள் இரண்டு போட்ட இடத்தில் நீ ஒன்று போடுகிறாய். நாங்கள் மூன்று என்றால் நீ இரண்டு. எப்போதும் ஒன்று குறைவு. உன் நோயாளிகள் எல்லாரும் எங்கள் கண்ணுக்குத் தெரிவதைவிட நன்றாக இருப்பதாக நீ சொல்கிறாய்.

பயிற்சிக் கேசட்டை மறுபடி பார்த்து, தேர்வை மறுபடி எழுதி அனுப்பச் சொல்கிறது குழு. உனக்கு அது அவமானமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு யாராவது எழுதுவதைவிட, கல்லூரிக் காலத்திலிருந்து நீ அக்கா என்று கூப்பிடுகிற நானே எழுதுவது மேல் என்று நினைத்தேன்.

உன் தோள் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
யுவே-ஷியா அக்கா


தைதுங்,
மார்ச் 13, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

தோள் வலி அப்படியேதான் இருக்கிறது. வலது கையைத் தூக்கினால் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் இந்தக் கடிதமும் கணினியில் தட்டியது. வீட்டுக்காரி சூ-ஜின் பூப்பந்து ஆடுவதை நிறுத்தச் சொல்கிறாள். நிறுத்தியாகிவிட்டது, வலி நிற்கவில்லை.

பயிற்சித் தேர்வு எழுத மாட்டேன். அதற்குக் காரணம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

நீங்கள் மூவரும் தைப்பேயில் இருட்டறையில் உட்கார்ந்து ஒரு பெட்டியைப் பார்க்கிறீர்கள். நான் மனிதர்களைப் பார்க்கிறேன். மணிக்கட்டைப் பிடித்து மடக்கினால் அது எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பது எந்தக் கேசட்டில் தெரியும்? அந்த ஆளைக் காலையில் மாத்திரைக்கு முன் பார்த்தேனா, பிறகு பார்த்தேனா? மலையிலிருந்து பேருந்தில் குலுங்கிக்கொண்டு வந்த களைப்பா, நோயா? இதெல்லாம் எனக்குத் தெரியும். உங்கள் பெட்டிக்குத் தெரியாது.

அந்த அளவுகோலின் மொழிபெயர்ப்பை வேறு நினைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு "சற்று மெதுவாக". இரண்டுக்கு "ஓரளவு மெதுவாக". சற்றுக்கும் ஓரளவுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது? அதை எழுதியவரையே கேட்டால் தலையைச் சொறிவார். இப்படி ஒரு கோலை வைத்துக்கொண்டு, நான் கோணலாக அளக்கிறேன் என்கிறீர்கள்.

லூ அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையம் பக்கத்தில் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருப்பவர். ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரே புலம்பல். "டாக்டர், முட்டை அடையைத் திருப்புறதுக்குள்ள கை நின்னுடுது. ஒரு பக்கம் தீஞ்சு போகுது. மாத்திரைய கொஞ்சம் கூட்டிக் குடுங்களேன்" என்கிறார். விரலைத் தட்டச் சொல்லிப் பார்த்தால் ஒன்றுதான். போன தடவையும் ஒன்று, அதற்கு முந்தியும் ஒன்று. "உங்க எண் ஏறவே இல்லையேம்மா" என்றேன். "எண் ஏறலேன்னா அடை தீயாதா?" என்று கேட்டார். நோயாளியின் புலம்பலுக்காக எண்ணை ஏற்றாமல் இருப்பதற்குத்தானே அளவுகோல்? நான் அதற்கு உண்மையாக இருக்கிறேன். உங்கள் குழு என்னையே சந்தேகப்படுகிறது.

இன்னொன்று. வீடியோ கேமராவின் முக்காலி உடைந்துவிட்டது. புதிது கேட்டு மூன்று வாரமாகிறது. நர்ஸ் ஆ-மெய் கேமராவை அலமாரி மேல் வைத்து எடுக்கிறாள். தூரத்தில் இருப்பதால் அறை முழுக்கத் தெரியும். அதற்கும் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

தம்பி,
ஹான்-வென்


தைப்பே,
மார்ச் 24, 1997

ஹான்-வென்,

மொழிபெயர்ப்பைப் பற்றி நீ சொன்னது சரி. அதை முதலில் சொன்னவள் நான். குழுவில் கத்தியும் பார்த்தேன். அந்தச் "சற்று", அந்த "ஓரளவு" எங்கள் மூவருக்கும்தானே பொது? எங்களுக்குள்ளும் சண்டை வருகிறது. ஆனால் ஒரு நாள் நான் ஒன்று கூடப் போடுகிறேன், மறுநாள் ஷேன் கூடப் போடுகிறார். அப்படி முன்னும் பின்னும் ஆடினால் பரவாயில்லை. உன் எண் ஒரே பக்கம் சாய்கிறது.

உனக்காக நான் ஒரு வேலை செய்தேன். முதல் வருடத்துக் கேசட்டுகளை எடுத்து, ஊர்ப் பெயரை மறைத்து, மூவரும் மறுபடி மதிப்பெண் போட்டோம். அந்த வருடம் நீ எங்களோடு அழகாக ஒத்துப்போயிருக்கிறாய். காவ்சியுங் மருத்துவரைவிட நீதான் மேல். போன கோடையிலிருந்துதான் சரிவு. அதுவும் எல்லாவற்றிலும் இல்லை. பேச்சு, நடை, நாற்காலியிலிருந்து எழுவது எல்லாம் சரியாக இருக்கிறது. கை வேலைகளில் மட்டும்தான். விரல் தட்டுவது, கையை மூடித் திறப்பது, உள்ளங்கையைப் புரட்டுவது.

ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. மனிதர்களைப் பார்க்கிற கண், நடையைச் சரியாகப் பார்த்துவிட்டு விரலை மட்டும் ஏன் தவறாகப் பார்க்கிறது?

ஷேன் தைதுங்கையே ஆய்விலிருந்து நீக்கிவிடலாம் என்கிறார். அப்படி நடந்தால் உன் நோயாளிகளுக்கு மாத்திரை நின்றுபோகும். அதை ஜூன் வரை தள்ளிப்போட வைத்திருக்கிறேன். தயவுசெய்து தேர்வை எழுது. எனக்காக வேண்டாம், அவர்களுக்காக எழுது.

யுவே-ஷியா


தைதுங்,
ஏப்ரல் 19, 1997

அக்கா,

எழுதினேன். இத்துடன் விடைத்தாள். உங்களுக்குத் திருப்திதானே? ஐம்பது வயதுக்கு மேல், பயிற்சி மருத்துவர்கள் எழுதுகிற தேர்வை, கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். ஆ-மெய் தேநீர் கொண்டுவந்தபோது கேசட்டை நிறுத்தி, செய்தி பார்ப்பதுபோல் நடித்தேன்.

அதிலும் நான் குறைவாகத்தான் போட்டிருப்பேன். எனக்கே தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிகிறது. அந்தக் கேசட்டில் வருகிற மனிதர் விரலைத் தட்டுகிறார், நீங்கள் இரண்டு என்கிறீர்கள், நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், எனக்கு அது கிட்டத்தட்ட இயல்பாகவே படுகிறது. ஒரு வயதான ஆள் இப்படித்தானே தட்டுவார்? இருபது வயதுப் பையன்களின் விரலை வைத்து அளக்கிறீர்களா?

நீக்குவதாக இருந்தால் நீக்கிவிடுங்கள். ஆனால் அந்தச் செய்தியை இங்கே வந்து நீங்களே சொல்லுங்கள். மலையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிற கிழவரிடம் சொல்லுங்கள். லூ அம்மாவிடம் சொல்லுங்கள்.

அந்த அம்மா நேற்றும் வந்திருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, "இப்படித் தட்டுங்க, பெரிசா, வேகமா" என்று செய்து காட்டினேன். அவர் முதலில் வேகமாகத் தட்டினார். பிறகு என் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையின் வேகத்தைக் குறைத்தார். "ஏம்மா மெதுவாக்கிட்டீங்க?" என்றேன். "நீங்க எப்படிச் செய்றீங்களோ அப்படித்தானே செய்யச் சொன்னீங்க? நீங்க ஒரு வேகத்துல, நான் ஒரு வேகத்துலன்னு போனா தப்புன்னுவீங்க" என்றார். ஆ-மெய் சிரித்துவிட்டாள். நோயாளிகள் மருத்துவரைப் பார்த்து நடிப்பதும் உங்கள் எண்ணில் சேர்ந்துவிடுகிறது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கட்டுரையிலாவது இதைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா?

நேற்று எடுத்த கேசட்டும் இத்துடன் வருகிறது. பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹான்-வென்


தைப்பே,
மே 12, 1997

ஹான்-வென்,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன். எப்படி எழுதினாலும் தவறாகத்தான் வருகிறது. அதனால் பார்த்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

லூ அம்மாவின் கேசட்டைப் பார்த்தேன். முன்பெல்லாம் கைப் பரிசோதனை வரும்போது உன் கேசட்டுகளில் நோயாளியின் கை மட்டும்தான் தெரியும். இதில் கேமரா தூரத்தில் இருப்பதால் நீயும் தெரிகிறாய்.

நீ தட்டிக் காட்டுகிறாய். இடது கை நன்றாக இருக்கிறது. வலது கை முதலில் அகலமாகத் திறக்கிறது. அப்புறம் திறப்பு குறுகிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று, மறுபடி தொடங்குகிறது. நான் ஒலியை அடைத்துவிட்டேன். லூ அம்மா இருக்கிற பாதியை ஓர் அட்டையால் மறைத்துவிட்டுப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பழக்கம். பிறகு நீ எழுந்து போய் அவருக்காகக் கதவைத் திறக்கிறாய். நம் நோயாளிகளைப் போலவே, நடக்கும்போது வலது கை வீசவில்லை.

தோள் வலி என்பாய். அதுவாகவே இருக்கட்டும். தோள் பிடித்துக்கொண்டாலும் கை வீசாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தோள் வலி விரலைக் குறுக்குமா?

நீ எதையும் வேண்டுமென்று குறைத்துப் போடவில்லை, ஹான்-வென். இயல்பான கை எப்படித் தட்டும் என்பதற்கு உன் கண் முன்னால் தினமும் இருந்தது உன் கைதான். அது மெதுவாக ஆக ஆக, உலகமும் அதோடு சேர்ந்து மெதுவாகிவிட்டது.

இதை நான் ஷேனிடம் காட்டவில்லை. யாரிடமும் காட்டவில்லை. நீ ஹுவாலியன் போ. இங்கே வா. எங்காவது போய்க் காட்டிக்கொள்.

நான் தவறாகப் பார்த்திருக்கலாம். அப்படி இருந்தால் என்னைத் திட்டி எழுது, சந்தோஷமாகப் படிப்பேன்.

யுவே-ஷியா


தைதுங்,
மே 17, 1997

டாக்டர் ஜுவாங் யுவே-ஷியா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

கேசட்டில் பரிசோதிக்கப்பட வேண்டியவர் நோயாளி. அவரிடம் கையொப்பம் வாங்கியிருக்கிறோம். என்னிடம் யாரும் வாங்கவில்லை. நோயாளியை அட்டை வைத்து மறைத்துவிட்டு என்னைப் பார்க்கத் தங்களுக்கு உரிமை இல்லை.

ஒரு மருத்துவரின் மதிப்பெண்களை ஒதுக்க வேண்டுமானால் அதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. அவரையே நோயாளியாக்குவது புது வழி. குழுவுக்குப் பிடித்துப்போகும்.

எனக்கு இருப்பது தோள் வலி. எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னது. அவர் தொட்டுப் பார்த்துச் சொன்னார், கேசட்டில் பார்த்து அல்ல.

இனி ஆய்வு சம்பந்தமான கடிதங்களை மருத்துவமனை முகவரிக்கு, அலுவலக முறைப்படி அனுப்பவும்.

டெங் ஹான்-வென்


தைப்பே,
ஜூலை 8, 1997

ஹான்-வென்,

இதை வீட்டு முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். திருப்பி அனுப்பினால் அனுப்பு.

தொலைபேசியில் கூப்பிட்டால் சூ-ஜின்தான் எடுக்கிறாள். "ரவுண்ட்ஸ்ல இருக்கார் அக்கா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் ரவுண்ட்ஸ் போகிற மருத்துவமனையை நான் பார்த்ததில்லை. அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அவளை அந்த நிலைமையில் வைக்காதே.

ஜூன் கூட்டம் முடிந்துவிட்டது. "தைதுங்காரர் ஏன் கை விஷயத்துல மட்டும் சறுக்குறார்?" என்று ஷேன் கேட்டார். கேமராக் கோணம் சரியில்லை, முக்காலி வாங்கித் தராதது நம் தவறு என்றேன். முக்காலிக்குப் பணம் ஒதுக்கினார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இந்த ஆய்வில் எண்கள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எல்லாரையும் விரட்டுகிறவள் நான். இப்போது எனக்குத் தெரிந்த ஒரு காரணத்தை நானே மூடி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் வரைதான் என்னால் இப்படி இருக்க முடியும். அதற்கு மேல் நானே சொல்லியாக வேண்டும். மிரட்டவில்லை. உன் நோயாளிகளின் கையை இப்போதும் நீதான் அளந்துகொண்டிருக்கிறாய், அதனால் சொல்கிறேன்.

சூ-ஜினிடமாவது சொன்னாயா?

அக்கா


தைதுங்,
செப்டம்பர் 2, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. உங்கள் ஜூலைக் கடிதத்தைப் பிரிக்காமலே ஒரு மாதம் வைத்திருந்தேன். பிரித்ததும் சூ-ஜினிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு மடித்தாள்.

"ஒரு வருஷமா நீங்க என் மேல கோவமா இருக்கீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

"ஏன் அப்படி நெனச்ச?"

"மூஞ்சில ஒன்னுமே காட்டுறதில்ல. சிரிக்கிறதில்ல. கூட நடந்து வந்தா கைய உடம்போட ஒட்டி வச்சுக்கிறீங்க. என் கை மேல பட்டுடக் கூடாதுன்னு அப்படி நடக்குறீங்கன்னு நெனச்சேன்."

இதற்கு எந்த மதிப்பெண் போடுவது, அக்கா? முகபாவம் என்று ஒரு கேள்வி அந்த அளவுகோலில் இருக்கிறது. எத்தனையோ முகங்களுக்கு நான் எண் போட்டிருக்கிறேன். என் வீட்டில் ஒருத்தி என் முகத்தைப் பார்த்து ஒரு வருடம் தனக்குள்ளேயே அழுதிருக்கிறாள். அது எனக்குத் தெரியவில்லை.

அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஹுவாலியனில் ஒரு பெரியவர். நான் யாரென்று தெரிந்தவர். தோளை அமுக்கிப் பார்த்தார், விரலைத் தட்டச் சொன்னார். "ஒன்னுமில்ல டாக்டர் டெங், நமக்கெல்லாம் வயசாகுது" என்றார். மரியாதைக்காகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தான் தெரிந்ததா? பூஜ்யம் என்று எழுதினார்.

காவ்சியுங்கில் போய் என்ன தொழில் என்று சொல்லாமல் சீட்டு எடுத்தேன். இளம் மருத்துவர். நான் ரயிலிலேயே விரலைத் தட்டிப் பழகிக்கொண்டு போயிருந்தேன். எதிர் இருக்கையில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார். பரிசோதனையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினேன். "நல்லா பண்றீங்க மாமா. இன்னும் பெரிசா, இன்னும் வேகமா" என்றான் அந்தப் பையன். நான் ஊரில் சொல்கிற அதே வார்த்தைகள். ஒன்று போட்டான். மூன்றாவது, தைச்சுங்கில். சூ-ஜின் யோசனைப்படி சாயங்காலம், களைத்துப்போன பிறகு போனோம். அங்கே பார்த்த டாக்டரம்மா இரண்டு போட்டார்.

மூன்று பேர், மூன்று எண். ஒரே கை. மார்ச்சில் உங்களிடம் இந்த அளவுகோலை நம்ப முடியாது என்று வாதாடினேனே, அது சரிதான் என்று நிரூபணமாகிவிட்டது. ஜெயித்த சந்தோஷம்தான் இல்லை. நடுவில் இருக்கிற எண்ணை எடுத்துக்கொள்ளலாமா என்று கணக்குப் போடுகிறேன். பூஜ்யம் போட்ட பெரியவரிடம் மறுபடி போகலாமா என்றும் தோன்றுகிறது. மருத்துவன் என்கிற புத்தியெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

இனி நான் மதிப்பெண் போட மாட்டேன். இங்கே டாக்டர் வூ என்று ஓர் இளம்பெண் சேர்ந்திருக்கிறார். அவருக்குப் பயிற்சி கொடுங்கள். போன வருடக் கோடையிலிருந்து நான் போட்ட கை மதிப்பெண்களைத் தள்ளிவிட்டு, கேசட்டைப் பார்த்து நீங்கள் போடுங்கள். காரணத்தைக் குழுவிடம் சொல்லிவிடுங்கள். தைதுங்கை மட்டும் நீக்க வேண்டாம்.

மே மாதம் எழுதியதற்கு என்ன சொல்வது? அதைக் கிழித்துப் போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தம்பி,
ஹான்-வென்


தைப்பே,
அக்டோபர் 6, 1997

அன்புள்ள ஹான்-வென்,

கிழிக்கவில்லை. ஆனால் மறுபடி படிக்கவும் இல்லை.

குழுவிடம் சொன்னேன். கூட்டம் முடிந்த பிறகு ஷேன் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தன் விரல்களைத்தான் பார்த்திருப்பார். நானும் வீட்டில் பார்த்தேன். தைதுங் ஆய்வில் இருக்கும்.

உன் கேசட்டுகளை மூவரும் போட்டு முடித்தோம். உனக்கு ஆறுதலாக இருக்குமா, எரிச்சலாக இருக்குமா தெரியாது. எங்களுக்குள்ளேயே மறுபடி சண்டை. பெயர் மறைத்த ஒரு கேசட்டை எனக்கே தெரியாமல் இரண்டு முறை போட வைத்தார்கள். திங்கள்கிழமை இரண்டு போட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை ஒன்று. ஒரே ஆள், ஒரே கை, ஒரே கேசட். எதனால் என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. வெள்ளிக்கிழமை காலை அதற்கு முந்திய கேசட்டில் இருந்தவர் மிகவும் மோசமாக இருந்தார். அதனால் இவர் தேவலை என்று தோன்றியிருக்குமா? இத்தனை வருடம் இந்த எண்களை வைத்துக்கொண்டுதான் கட்டுரை எழுதினோம், மாத்திரையைக் கூட்டினோம், குறைத்தோம்.

ஆனாலும் இதைத் தூக்கி எறிய என்னிடம் வேறு கோல் இல்லை. ஒரு கண்ணை நம்ப முடியவில்லை என்றால் இன்னும் இரண்டு கண் வேண்டும் என்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இனி எழுதப்போவதுதான் கஷ்டமானது. லூ அம்மா. எங்கள் மூவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அவர்தான். அவருடைய வலது கை போன வருடக் கோடையிலிருந்தே இறங்கிக்கொண்டு வந்திருக்கிறது. ஒன்று, இரண்டு, இப்போது மூன்று. ஆய்வு விதிப்படி இரண்டைத் தொட்டதுமே பழைய மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கலாம். உன் எண் ஒன்றிலேயே நின்றதால் யாரும் கூட்டவில்லை. அவர் தனக்குச் சேர வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார்.

டாக்டர் வூ சொல்லட்டும் என்று குழு சொல்கிறது. நீ சொல்ல விரும்புவாய் என்று நினைக்கிறேன். முடிவு உன்னுடையது.

நீ மாத்திரை ஆரம்பித்துவிட்டாயா என்பதை மட்டும் எழுதவே இல்லை.

அக்கா


தைதுங்,
நவம்பர் 11, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான்தான் சொன்னேன். மருத்துவமனையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்ல மனம் வரவில்லை. கூட்டம் ஓய்ந்த பிறகு கடைக்குப் போனேன். மகள் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். லூ அம்மா இடது கையால் வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தார்.

என் கைக்கும் அவர் கைக்கும் ஒரே நோய் என்றேன். என் கையை வைத்து அவர் கையை அளந்ததால் தவறாகப் போட்டுவிட்டேன், போன வருடமே மாத்திரையைக் கூட்டியிருக்க வேண்டும் என்றேன். ஆய்வு, குழு, கேசட் என்று என்னென்னவோ தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதெல்லாம் தேவைப்படவில்லை.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் சொன்னேன்ல டாக்டர்."

"சொன்னீங்கம்மா."

"ஒவ்வொரு தடவையும் சொன்னேன். எண் ஏறலேன்னீங்க. அப்ப கை நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் உடம்பு வணங்கலன்னு நெனச்சேன். சோம்பேறித்தனம்னு நெனச்சேன். என் பொண்ணு காலேஜ விட்டுட்டு வந்து கல்லு முன்னால நிக்கிறா. டாக்டரே ஒன்னுமில்லேங்கறார், நீ ஏன் வர்றேன்னு அவகிட்ட சண்டை போட்டேன்."

மகள் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த ஒரு வருஷத்தை நான் யார்கிட்டப் போய்க் கேக்குறது?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்தியை எடுத்தார். தாளை மறுபடி நறுக்கத் தொடங்கினார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

டாக்டர் வூ மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். பத்து நாளிலேயே கை நன்றாகத் திறக்கிறதாம். காலைக் கூட்டத்தில் பாதி நேரம் லூ அம்மாவே கல்லின் முன்னால் நிற்கிறார். மகள் கல்லூரிக்குத் திரும்புவது அடுத்த வருடம்தான் முடியுமாம். பரிசோதனைக்கு என் அறை வாசலைத் தாண்டித்தான் போகிறார். உள்ளே வருவதில்லை. வூவிடம்தான் காட்டுகிறார். அதுதான் சரி.

நேற்று மட்டும் வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. அங்கிருந்தே கேட்டார்.

"நீங்க மாத்திரை போடுறீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"ஏன்?"

"இன்னும் அவ்வளவு முத்தல. லேசாத்தான் இருக்கு. இப்பவே ஆரம்பிக்க வேண்டாம்னு..."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே பார்த்துக்கிட்டதுதான்."

அவர் என் வலது கையைப் பார்த்தார். கோபம் இருந்தது. கோபம் மட்டும் என்று சொல்ல முடியாது.

"இன்னுமா நீங்க போடுற எண்ண நம்புறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்கா, வருகிற வியாழக்கிழமை சூ-ஜினும் நானும் காலை ரயிலில் புறப்படுகிறோம். நீங்கள் பாருங்கள். ஷேனையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது ஆளையும் கூப்பிடுங்கள். நீங்கள் மூவரும் எந்த எண் சொன்னாலும், மாத்திரையை அங்கேயே போட்டுக்கொண்டு திரும்புகிறேன்.

தம்பி,
ஹான்-வென்